இரண்டு விரல் வடக்கே

டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி போன மாதமே விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. உன் இருமல் நின்றதா இல்லையா என்று அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. கடைசியில் எழுதினால் ஏதோ மறைக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

காலண்டர் அலுவலகத்தில் வருஷக் கடைசி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வரப்போகும் வருஷத்தின் தாள்கள் அச்சுக்குப் போய்விட்டன. நாங்கள் அதற்கும் அடுத்த வருஷத்தில் குடியிருக்கிறோம். சூரிய உதயம், அஸ்தமனம், பௌர்ணமி, எந்த மதத்துக்கு எந்த நாளில் விரதம், எல்லாம் என் மேஜையிலிருந்துதான் புறப்படுகிறது. தெருவில் யாராவது இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

ஒரு விஷயம். இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் பிழைதிருத்துநரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், ஒரு வாக்கியம் பேசுவதற்குள் டீ ஆறிப்போகும் என்று. அவர் போன வாரம் சாப்பாட்டு வேளையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு மறுப்பு இல்லைன்னா..." என்றார்.

"எதுக்கு மறுப்பு?"

"வாக்கியம் இன்னும் முடியலைங்க."

முடிய மூன்று நாள் ஆயிற்று. எனக்கு மறுப்பு இல்லை.

மார்ச் இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில். தேதியை நான்தான் குறித்தேன். சம இரவு நாள். வருஷத்தில் இரண்டே நாள்தான் பூமி எந்தப் பக்கமும் சாயாமல் சூரியனுக்கு முகம் காட்டுகிறது, அதில் ஒன்று. நாற்பத்தொரு வயதில் வேறு நல்ல நேரம் எதைப் பார்ப்பது?

நீ வர வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


டிசம்பர் 12

என் அருமைப் பஞ்சாங்கத்துக்கு,

இருமல் நின்றது. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், சரியா? நீயும் அவரும் சௌக்கியம்தானே? அத்தான் என்று இப்போதே கூப்பிடலாமா, இல்லை இருபதாம் தேதிவரை பொறுக்க வேண்டுமா?

உன் கடிதத்தைச் சாரத்தின் மேலேயே பிரித்துப் படித்தேன். நான் போட்ட கூச்சலில் சுண்ணாம்புச் சட்டி கீழே போய் விழுந்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "என்னய்யா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார். "அக்காவுக்குக் கல்யாணம்!" என்றேன். "சட்டி யாரு தலையிலயாவது விழுந்திருந்தா உனக்குக் கருமாதி" என்றார்.

நான் பழுது பார்க்கும் இந்தப் பிரார்த்தனைக் கூடத்தைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும். தெற்குக் கூரையில், தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு துளை. தரையில் கிழக்கு மேற்காகப் பதித்த ஒரு பித்தளைக் கோடு. வருஷம் பூராவும் சூரிய வெளிச்சம் துளை வழியாகத் தரையில் ஒரு தட்டளவு வட்டமாக விழுந்து வளைந்து வளைந்து நடக்கிறது. சம இரவு நாளில் மட்டும் வளையாமல் அந்தக் கோட்டின் மேல் நேராக நடக்குமாம். அன்றைக்கு ஊரே வந்து சுவரோரம் நின்றுகொண்டு பார்க்குமாம்.

பழைய தகடு விரிந்து கிழிந்துவிட்டது. புதிதாக நான்தான் செய்து பொருத்தப்போகிறேன். மேலே ஒரு விரல் பிசகினால் கீழேயும் ஒரு விரல் பிசகும். அது சரியா தப்பா என்று சொல்ல மார்ச் இருபதை விட்டால் வேறு நாள் இல்லை. அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நிற்பேன். கோடு எங்கே ஓடிவிடப்போகிறது, மேஸ்திரி பார்த்துச் சொல்லட்டும். அன்றைக்கு உச்சிப்பொழுதில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று மட்டும் நீ கணக்குப் போட்டு அனுப்பு.

அறை பரவாயில்லை. ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது. வேலை முடிந்து வந்தால் சாயங்கால வெயில் கட்டிலில் எனக்கு முன்னால் வந்து படுத்திருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள், கல்யாணப் பெண்ணே.

உன் சிமெண்டு


டிசம்பர் 21

அன்புள்ள சிமெண்டுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு என் விசாரிப்பு. அத்தான் விஷயத்தில் இருபதாம் தேதிவரை பொறு. அவர் இன்னும் அந்தச் சொல்லுக்கு எழுத்துப்பிழை பார்க்கவில்லை.

வருஷத்திலேயே குட்டிப் பகல் இன்றைக்கு. மூன்று மணிக்கே அலுவலகத்தில் விளக்குப் போட்டுவிட்டோம். நாளையிலிருந்து சூரியன் வடக்கே திரும்பி நடக்கத் தொடங்கும், முதலில் யாருக்கும் தெரியாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல.

உன் கூடத்துக் கோடு அழகுக்குப் போட்டதில்லை. அவர்கள் மதத்தின் பெரிய திருநாள், மரணம் தோற்றுப்போன நாள், வசந்தத்துச் சம இரவுக்குப் பிறகு வரும் பௌர்ணமியைத் தாண்டிய முதல் ஞாயிறு. அப்படியானால் சம இரவு எந்த நாள் என்று தெரிய வேண்டும். மார்ச் இருபத்தொன்று என்று பெரியவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துக் காலண்டர் வருஷத்துக்குப் பதினொரு நிமிஷம் அதிகமாகக் கணக்குப் பண்ணியது. பதினொரு நிமிஷம் என்ன பெரிய நேரம்? ஆயிரத்து இருநூற்றைம்பது வருஷத்தில் பத்து நாள் ஆகிவிட்டது. ஏட்டில் வசந்தம் இருபத்தொன்றாம் தேதி, வானத்தில் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டுப் போனது. கடைசியில் பத்து நாளைத் தூக்கிப் போட்டார்கள். அக்டோபர் நான்காம் தேதி படுத்தவர்கள் பதினைந்தாம் தேதி எழுந்தார்கள். அந்தப் பத்து நாளில் பிறந்தநாள் இருந்தவர்கள் அந்த வருஷம் என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

வேறு சிலருக்குச் சம இரவுக் கணம்தான் வருஷப் பிறப்பு. வேறு சிலர் அந்த வாரத்தில் இறந்தவர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். சூரியன் நேர் மேற்கே இறங்குவதால் அன்றைக்கு வழி தவறாதாம். நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறவர்களுக்கோ எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுகிறது. எல்லோரையும் ஒரே தாளில் உட்கார வைப்பதுதான் என் உத்தியோகம்.

இப்போது உன் கணக்கு. வரும் வருஷம் சம இரவுக் கணம் மார்ச் இருபது மாலை ஐந்து ஐம்பதுக்கு. உச்சிப்பொழுதில் சூரியன் இன்னும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் வட்டத்தின் நடு கோட்டுக்கு வடக்கே இரண்டு விரல் தள்ளி விழ வேண்டும். கோட்டின் மேலேயே விழுந்தால் நீ செய்தது தப்பு. எழுதி வைத்துக்கொள்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கம்பளிச் சட்டை அளவு சரியாக இருக்கிறது. தாமதத்துக்குக் கோபிக்காதே, வேலை மேல் வேலை.

தகடு பொருத்தியாகிவிட்டது. நான்கு ஆணியில் மூன்றை நானே அடித்தேன்.

இங்கே காலை வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்கார அம்மா மேஜையில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறார். வெயில் அதில் விழுந்து தெறித்து மேல்தளத்தில் போய் ஆடுகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் அறை நகர்கிறதா நான் நகர்கிறேனா என்று தெரிவதில்லை. சில நேரம் கண்ணை மூடித் திறந்தால் நீ அடுத்த அறையில் எண்களை வாய்விட்டுக் கூட்டுவது கேட்கிறது.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மார்ச் இருபதாம் தேதி நான் கூடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். வேறு யாரும் இதற்குப் பொறுப்பேற்க மாட்டார்களாம். கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. நீ தேதியை மட்டும் மாற்றாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அவருக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது.

வர முடியாவிட்டால் வேலைதானே காரணம், பரவாயில்லை. அவர் மட்டும், "பதிவேட்டில் சாட்சிக்கு ஒரு கட்டம் காலியாயிடுச்சே" என்றார், தன் பாணியில் வருத்தப்பட்டு. வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறோம்.

உன் எழுத்துக்கு என்ன ஆயிற்று? வரிகள் எல்லாம் மலை ஏறுகின்றன. பேனா எங்கே போனது? பென்சிலில் எழுதியிருக்கிறாய், அதுவும் தேய்ந்து தேய்ந்து. கை வலியா?

அந்த வெயில் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே என் எண்கள் தாளில் மட்டும்தான் உதிக்கின்றன. விளையாட்டாகக் கேட்கிறேன், உன் அறைக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எதை எதைத் தொடுகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து அனுப்பேன். என் அட்டவணையோடு பொருத்திப் பார்க்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள பஞ்சாங்கத்துக்கு,

நலம், நலமே விழைகிறேன். கை வலி எதுவும் இல்லை. பேனாவைத் தொலைத்துவிட்டேன்.

நீ கேட்டது என்னைப் பிழைக்க வைத்தது போ. ஒரு வாரமாக எனக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி உட்கார்ந்து குறித்தேன். இதோ:

ஏழு நாற்பதுக்கு எதிர்ச் சுவரின் உச்சியில் முதல் சிவப்பு. ஜனவரிக் கடைசியில் அது கதவு மூலையில் விழுந்தது. இப்போது அங்கிருந்து இரண்டரைச் சாண் நடுச் சுவரை நோக்கி வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவை விட்டுச் சுவரில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன், "சுவரைக் கெடுக்கறீங்களே" என்று திட்டிக்கொண்டே போடுகிறார். ஒன்பதுக்கு வெயில் இறங்கி மேஜைக்கு வருகிறது. ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பதரைவரை தண்ணீர் மேல்தளத்தில் ஆடுகிறது. பத்தரைக்கு ஜன்னல் ஓரமாக மெலிந்து, யாரையும் எழுப்பாமல் வெளியேறும் விருந்தாளி மாதிரி போய்விடுகிறது. திங்கள் மட்டும் மேகம். மற்ற நாளெல்லாம் ஒரு நிமிஷம்கூட ஏமாற்றவில்லை.

முன்பெல்லாம் வெயில் என்றால் எனக்குச் சுண்ணாம்பு காய்கிறதா இல்லையா என்பதுதான். இது இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

கல்யாணப் புடவை என்ன நிறம்?

சிமெண்டு


பிப்ரவரி 16

தம்பி,

நான் சுகம். நீ சுகமில்லை.

உன் எண்களை என் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். உங்கள் ஊருக்கு அந்த வாரம் சூரிய உதயம் ஏழு பத்து. உனக்கு அரை மணி தாமதமாக வருகிறது. கிழக்கே ஒரு மலை மறைக்கிறது, மலையடிவாரத்தில் இருக்கிறாய். காலையில் வெயில் வர வேண்டுமானால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. டிசம்பரில் நீ குடியிருந்த அறையின் ஒரே ஜன்னல் மேற்குப் பார்த்தது.

வாரத்தில் ஆறு வேலை நாள். ஆறு நாளும் ஏழு நாற்பதிலிருந்து பத்தரைவரை ஒரே இடத்திலிருந்து பார்த்திருக்கிறாய். உங்கள் வேலை ஏழு மணிக்குத் தொடங்கும்.

சுவரில் கோடு போடக்கூட எழுந்திருக்கவில்லை. மேல்தளத்தை அரை மணி நேரம் பார்க்கிறாய். மல்லாந்து படுத்தால் பேனா எழுதாது, பென்சில்தான் எழுதும்.

அது வீடு இல்லை. அவர் வீட்டுக்கார அம்மாவும் இல்லை.

என்ன ஆயிற்று என்று எழுது. முழுதாக எழுது.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை நர்சம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா போலீசா?" என்றார். "இல்லை, காலண்டர்" என்றேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி. நான்காவது ஆணிக்குக் கை நீட்டினேன். பலகையில் பனி இருந்தது. எனக்கு விழுந்தது நினைவில்லை. துளையிலிருந்து வந்த வெளிச்சம் என்னோடு கூடவே கீழே வந்தது போல ஒரு நினைப்பு மட்டும் இருக்கிறது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில். இடுப்பில் ஒரு விரிசல். நடுவில் ஒரு மாடம் தடுத்ததால் உயிர் மிஞ்சியது. ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. நடப்பேன் என்கிறார் டாக்டர். எப்படி நடப்பேன் என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்க மாட்டாய், உனக்கே தெரியும். அம்மா அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினேழு. நீ படிப்பை விட்டாய். பிறகு உனக்கு இருபத்துநாலில் ஒரு இடம் அமைந்தது. எனக்குக் காய்ச்சல் என்று மூன்று மாதம் தள்ளிப் போட்டாய். அவர்கள் காத்திருக்கவில்லை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, வேண்டாம் என்று அவர்கள் எழுதிய கடிதத்தை நீ படித்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைப்பதைப் பார்த்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தாய்.

இன்னொரு தடவை கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்க்க என்னால் ஆகாது அக்கா. வராதே. தேதியை மாற்றாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 4

அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் நான்கு நாளில் வரும் ஊர் இது. தினமும் பத்தரைக்கு வெயில் போகும், பதினொன்றுக்குத் தபால்காரர் வருவார். நடுவில் இருக்கும் அரை மணி நேரம்தான் நாளிலேயே நீளம்.

கதவு திறக்கும்போதெல்லாம் நீ பெட்டியோடு நிற்கிறாய் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் பாதி ஆசை, பாதி பயம். நேற்று அரைத் தூக்கத்தில் உன் குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா ஓடிவந்து, "தானா உட்கார்ந்துட்டீங்களே!" என்றார். அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டு வரியாவது எழுது.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் காலும் இடுப்பும் ஒவ்வொரு நாளும் கூடி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

நான் வரவில்லை.

இந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன், பார். இருபதாம் தேதி பதினொரு மணிக்குக் கல்யாணம். மாற்றவில்லை.

நீ அந்தக் கட்டிலில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அதைப் பற்றி இப்போது எழுத எனக்குக் கை வரவில்லை.

பொய் சொன்னதற்கு ஒரு அறை பாக்கி இருக்கிறது. நேரில்.

உன் அட்டவணையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இருபதாம் தேதி வெயில் உன் ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரின் நடுவில் வந்து சேரும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். மலை மறைப்பதால் கொஞ்சம் தள்ளித்தான் விழும். ஏமாறாதே. அன்றைக்குப் பகலும் இரவும் சரிபாதி என்பதும் ஏட்டுக் கணக்குதான். கண்ணால் அளந்தால் பகல் ஏழெட்டு நிமிஷம் கூடுதல். காற்று வெளிச்சத்தை வளைத்து, வராத சூரியனை வந்ததாகக் காட்டுகிறது.

புடவை பாக்கு நிறம். சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

அக்கா


மார்ச் 20, மாலை

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நூறாண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இப்போது சொல்லலாம்தானே? பதினொரு மணிக்கு நர்சம்மாவும் நானும் தண்ணீர் டம்ளரை உயர்த்திக் கல்யாண வாழ்த்துச் சொன்னோம். அப்போது நாங்கள் கூடத்தில் இருந்தோம்.

ஆமாம், கூடத்தில். டாக்டர் முடியாது என்றார். மேஸ்திரி வந்து, "சாரம் கட்டத் தெரிஞ்ச ஆளுங்களுக்கு ஒருத்தனத் தூக்கத் தெரியாதா டாக்டர்?" என்றார். நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வண்டியில் வைத்தார்கள். வாசலில் இறக்கினார்கள். அங்கிருந்து கோடுவரை பதினாறு அடி. அதை நான் நடந்தேன், இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று கேட்காதே.

கூடம் நிறையக் கூட்டம். ஆனாலும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அமைதி. வெளிச்சம் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, குழந்தைகளின் காலைத் தொட்டு, ஒரு கிழவியின் மடியைத் தொட்டு. உச்சிப்பொழுதில் எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். வட்டத்தின் நடு கோட்டில் இல்லை.

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு கூடத்தின் பெரியவர், தலைமைப் பிரார்த்தனையாளர், என் பக்கம் வந்து மெதுவாக, "விலகியிருக்கே தம்பி" என்றார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். பாவம், அடிபட்டவன், இவனை என்ன சொல்வது என்று.

மேஸ்திரி அளவுகோலை வைத்தார். வட்டத்தின் இரு ஓரமும் அளந்து நடுவைக் குறித்தார். "வடக்கே ரெண்டு விரல்" என்றார்.

நான் அழுதுவிட்டேன் அக்கா. சிரித்துக்கொண்டே அழுதேன். "அப்படித்தான் இருக்கணும். இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு, அது வந்துகிட்டிருக்கு" என்றேன். பெரியவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நாற்காலி ஒன்றை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சரி, வரட்டும். பார்ப்போம்" என்றார். போனவர்கள் போக, பாதிப்பேர் அவரோடு தரையிலேயே உட்கார்ந்தார்கள். வட்டம் கிழக்கே நகர நகரக் கோட்டை நெருங்கியது. மூன்றரைக்கு எங்களில் பாதிப்பேர் தூங்கிவிட்டோம். நானும்தான். விழித்தபோது வெளிச்சம் நீண்டு மெலிந்து கோட்டைத் தொட்டுக்கொண்டு கிழக்குச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர் மட்டும் விழித்திருந்தார். "வந்துடுச்சு" என்றார்.

பதிவு அலுவலகத்தில் என்ன நடந்தது? ஒன்றுவிடாமல் எழுது.

உங்கள் தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். "நாங்கள்" என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது, அவ்வளவுதான். பதினாறு அடி நடந்த காலுக்கு எங்கள் இருவரின் விசாரிப்பு. உன் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். ஒரு பிழையும் திருத்தவில்லை.

பதிவு அலுவலகத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மின்விசிறி சத்தம், மை கொட்டிய மேஜை. குமாஸ்தா என் வயதைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். உன் அத்தான் கையெழுத்துப் போடும்போது விண்ணப்பத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். பதினொன்று பத்துக்கு முடிந்துவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெயில் காய்ந்தோம்.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாயே.

நான் வரவில்லை என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. நீ விழுந்ததை எழுதிய கடிதம் வந்த நான்காம் நாள், மார்ச் ஒன்றாம் தேதி, ரயில் ஏறினேன். பெட்டியில் பாக்குப் புடவை இல்லை, உனக்குப் போர்வையும் வெந்நீர்ப் பையும். கல்யாணத்தை மனதுக்குள் தள்ளிப் போட்டாகிவிட்டது. எத்தனை மாதம் என்று மட்டும்தான் முடிவு பண்ணவில்லை.

அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நான் வாய் திறக்குமுன், "போயிட்டு வாங்க. மூணு மாசமோ ஆறு மாசமோ. நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அத்தனை நீளமாக அவர் நிறுத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

பாதி வழியில் வண்டி மாற வேண்டும். மத்தியானம். நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தச் சந்திப்பின் நடைமேடையில் யாருமே இல்லை. ஒரு பெஞ்சு, பூக்கத் தொடங்கியிருந்த ஒரு மரம், நீளமான தண்டவாளம். வெயில் இதமாக இருந்தது. உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை. அதில் நீ ஒன்பது வயதாக இல்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. என் கனவில் நீ எப்போதும் ஒன்பது வயதில்தான் வருவாய், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு. அன்றைக்கு முப்பத்துமூன்று வயதுப் பெரிய ஆளாக, காலில் கட்டோடு, என்னைப் பார்த்து, "இங்க என்னக்கா பண்றே?" என்று கேட்டாய். எரிச்சலாகக் கேட்டாய்.

எழுந்து முகம் கழுவினேன். என்னைக் காத்திருக்கச் சொன்னவர்கள் உண்டு, எனக்காகக் காத்திருக்காதவர்கள் உண்டு. காத்திருக்கிறேன் என்று ஒருவர் இப்போதுதான் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவரைக் காக்க வைப்பானேன் என்று தோன்றியது.

இந்தக் கல்யாணத்தைப் பற்றி உனக்கு எழுதினேனே தவிர, அதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. அலுவலகத்தில்கூட மூச்சு விடவில்லை. கூச்சம்.

டிக்கெட் ஜன்னலில் ஒரு அம்மாள் பின்னிக்கொண்டிருந்தார். திரும்பிப் போக ஒரு டிக்கெட் கேட்டேன். பின்னல் ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இப்பதானே அங்கேருந்து வந்து இறங்கினே?"

"ஆமா. திரும்பிப் போகணும். கல்யாணம் இருக்கு."

"யாருக்கு, பொண்ணுக்கா?"

"இல்லைங்க," என்றேன். "எனக்குத்தான்."

அக்கா